மாப்பிள்ளை கொடுத்த மழைப் பை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. தாங்களும் என் தங்கையும் தங்கள் பெற்றோரும் சுகமாகவும், முக்கியமாக உலர்ந்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் நலம். ஈரத்துக்கும் குறைவில்லை.

என் மோட்டார் சைக்கிளுக்கென்று தாங்கள் அன்போடு வாங்கிக் கொடுத்த இரண்டு சைடு பைகளைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாமென்று உட்கார்ந்தேன். பெண் கொடுத்த இடத்தில் நாக்கை அளந்துதான் பேச வேண்டும். ஊரார் பல்லையெல்லாம் அளந்து, பல் செட் செய்து பிழைக்கிறவன் நான். நாக்கையும் முடிந்தவரை அளக்கப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, அதில் பையை உட்கார வைத்து, உள்ளே ஒரு செய்தித்தாளைத் திணித்து மூடி, தோட்டத்துக் குழாயால் பீய்ச்சியடித்துவிட்டு, "பாருங்க மச்சான், தலைப்புச் செய்திகூட நனையலை" என்று திறந்து காட்டினீர்கள். நானும் கை தட்டினேன். ஆனால் மாப்பிள்ளை, என் பை நாற்காலியில் உட்கார்ந்து போவதில்லை. மழை மேலேயிருந்து மட்டுமா வருகிறது? முன்னாலிருந்து வருகிறது, பக்கத்தில் போகிற பஸ் வாரி அடிக்கிறது, பின்சக்கரம் தன் பங்குக்குக் கீழேயிருந்து சேற்றை இறைக்கிறது. முதல் மழையிலேயே பல் டாக்டர் வாசலில் பையைத் திறந்தால் உள்ளே குளம், அதில் மெழுகில் அடுக்கிய மேல்வரிசைப் பல் செட் ஒன்று படகு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்போதும் பையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் புகாத பை என்றீர்கள், ஜிப் வழியாகப் புகுந்த தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகவில்லையே, அதுவும் ஒரு திறமைதானே!

உங்களுக்குப் போன் போட்டேன். "ஜிப் பின்பக்கம் பார்க்கணும் மச்சான், முன்பக்கம் பார்த்தா காத்து தள்ளத்தானே செய்யும்?" என்றீர்கள். திருப்பிக் கட்டினேன். தண்ணிக்குப் பதிலா சேறு வந்துது. "மேல ஒரு மழை உறை போடுங்க"ன்னீங்க. போட்டேன். அது சைலன்சர்ல ஒட்டிக்கிட்டு உருகி, பெட்ரோல் பங்க்குல நிக்கும்போது புகை வந்து, அங்க வேலை செய்யற பொண்ணு, "சார், வண்டியைத் தள்ளிக்கிட்டு ரோட்டுக்குப் போங்க! ஓடுங்க!"ன்னு கத்த, கொட்டற மழையில வண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடினேன். அப்புறம், "பெரிய பாலித்தீன் கவரை முழுசா மாட்டி கீழ கட்டிடுங்க"ன்னீங்க. பாலத்து மேல காத்து உள்ள புகுந்து அது உப்பிடுச்சு மாப்பிள்ளை. நான் நேரா போறேன், வண்டி பக்கவாட்டுல போகுது. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருந்த ஒரு ஆள் தலையை வெளிய நீட்டி, "அண்ணே, எப்ப பறக்கும்?"னு கேக்கறான். நான் என்ன பதில் சொல்றது? உங்க நம்பரையா குடுக்க முடியும்?

இதையாவது மறந்துடலாம். பிளாஸ்டர் மாவை எப்படி மறக்கறது? பல்லச்சு வார்க்கற மாவு, ஒரு மூட்டை, இடது பைக்குள்ள. வழியெல்லாம் மழை. வீடு வந்து சேர்றதுக்குள்ள வண்டி இடது பக்கமாவே சாயுது. பையைத் தட்டினா டங்குங்குது. மாவு தண்ணியைக் குடிச்சு, பை சைஸுக்கே கல்லா இறுகிடுச்சு! மெக்கானிக் குனிஞ்சு பார்த்தான், தட்டிப் பார்த்தான். "அண்ணே, இதைக் கழட்ட ஸ்பேனர் பத்தாது, சிற்பியைக் கூப்பிடுங்க"ன்னுட்டான். கடைசியில சுத்தியலும் உளியுமா பையைக் கிழிச்சுத்தான் எடுத்தோம். என் வீட்டுக்காரி அந்தக் கல்லை வாசக்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கா. ஜிப்போட பல்வரிசை அதுல அப்படியே பதிஞ்சிருக்கு. நான் எடுத்த அச்சுலயே சுத்தமான அச்சு அதுதான்னு கிண்டல் வேற.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மிச்சம் இருந்தது வலது பை. அதுல ரெண்டு டப்பா. ஒண்ணு உங்க அப்பாவோட பல் செட். இன்னொண்ணு தலைமையாசிரியை அம்மாவோடது. அவங்க பள்ளிக்கூடத்துல இருந்து ஓய்வு பெறறாங்க, வர்ற வெள்ளிக்கிழமை பிரிவு உபசார விழாவுல பேசணும். டப்பா மேல பேர் எழுதி ஒட்டியிருந்தேன். உங்க வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திப் பையைத் திறந்தா, மை முழுக்கக் கரைஞ்சு ரெண்டு டப்பாவும் ஒரே நீலம். சரி, திறந்து பார்த்தா என் கைவேலை எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள உங்க அப்பா குடையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டுக்கே வந்து, "எத்தனை நாளா கஞ்சி குடிக்கறது, குடுய்யா"ன்னு கையில கிடைச்ச டப்பாவைப் பிடுங்கி, அங்கயே வாயில மாட்டிக்கிட்டு சிரிச்சார். என் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணி. நல்லாத்தான் இருக்குன்னு கும்பிட்டுட்டு, மிச்ச டப்பாவை அந்த அம்மா வீட்டுல குடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுல வந்து தலையைத் துவட்டி, கண்ணாடியைத் துடைச்சு, அச்சுகளை எடுத்து வைக்கும்போதுதான் சுருக்குனு உறைச்சுது. உங்க அப்பா சிரிச்சாரே, அது அவர் சிரிப்பு இல்லை மாப்பிள்ளை. தலைமையாசிரியை அம்மா சிரிப்பு!

அந்த அம்மாவை அனுப்பி வெச்ச பல் டாக்டர்தான் எனக்குப் பாதி வேலை குடுக்கறவர். "இன்னொரு தடவை ஏதாவது நனைஞ்சு வந்தா, வேற ஆளைப் பார்த்துக்கறேன்"னு ஏற்கெனவே சொல்லிட்டார். மேடையில அந்த அம்மாவுக்குப் பல் கழண்டு விழுந்தா என் பிழைப்பும் சேர்ந்து விழும். ஆனா பெண் கொடுத்த வீட்டுப் பெரியவர்கிட்ட, "வாயைத் திறங்க, அது உங்களுது இல்லை"ன்னு நான் எப்படிச் சொல்ல? அதனால தாங்கள்தான் அவர் தூங்கும்போதோ முகம் கழுவும்போதோ அந்த செட்டைப் பக்குவமாக எடுத்து, உடனே அனுப்பி வைக்க வேண்டும். வலது பையைப் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். அதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவும். இனி எந்த யோசனையும் சொல்ல வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கைக்கு என் ஆசிகள். தங்கள் அம்மாவுக்கு வணக்கம். அப்பாவுக்கும் வணக்கம் சொல்லவும். பதிலுக்கு அவர் சிரிக்க வேண்டாம் என்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
நனைந்த மைத்துனன்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போனேன், போன் வந்தது. தலைமையாசிரியை அம்மா. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "யாருக்குச் செஞ்சதா இருந்தா என்ன? பழைய செட்டுல 'சகோதர சகோதரிகளே'ன்னா விசில் அடிக்கும். இதுல கணீர்னு வருது. பேச்சு முழுக்க ஒத்திகை பார்த்துட்டேன், திருப்பித் தர மாட்டேன்" என்று வைத்துவிட்டார். அடுத்து என் தங்கை: உங்க அப்பா ஆப்பிளை நறுக்காமலே கடிக்கிறாராம், கடித்துக்கொண்டே தெருவில் நடக்கிறாராம். அந்த அம்மா பல்லைப் பார்த்த டாக்டரும் கூப்பிட்டு, "இதே மாதிரி கச்சிதமா இன்னும் நாலு பேருக்குச் செய்யணும்"கிறார். எது மாதிரி? இத்தனை வருஷம் அளந்து அளந்து செய்த எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை மாப்பிள்ளை! ஆகையால் அப்பாவின் வாயில் கை வைக்க வேண்டாம். பார்சலைப் பிரித்துப் பையை வண்டியில் மாட்டிவிட்டேன். இடது பக்கத்துக்கும் இதே கடையில், இதே மாதிரி ஒன்று வாங்கி அனுப்பவும். ஜிப்பை மட்டும் தயவுசெய்து யாரும் சரி பண்ண வேண்டாம்.