பொம்மைக்குக் குறுக்குக்கட்டு

ஒக்லாந்துக்கு வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. கார் ஓட்டப் பழகிவிட்டேன். செருப்பில்லாமல் சூப்பர்மார்க்கெட்டுக்குள் வருகிறவர்களைக் கண்டு திடுக்கிடாமல் இருக்கவும் பழகிவிட்டேன். ஆனால் ஏப்ரல் மாதத்தில் காலையில் எழும்பி என்ன உடுத்துவதென்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இந்த ஊரில் ஏப்ரலில் எதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாலும் அது பிழைதான். எத்தனை மணிக்கு அது பிழையென்று தெரியவரும் என்பதில்தான் ஆளுக்காள் வித்தியாசம்.

எனக்கு அது ஒருமுறை பகல் பன்னிரண்டரை மணிக்குத் தெரியவந்தது. த்ரீ கிங்ஸ் கடைத்தெருவில், ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள், பத்துப் பதினைந்து பேர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து, அங்கிருந்து இங்கே வந்து எட்டு மாதம். மவுண்ட் ரோஸ்கில்லில் இரண்டு அறை வீடு. இவர் (என் கணவர்தான், பெயர் சொல்லிப் பழக்கமில்லை) ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். நான் வீட்டில் ஹீட்டரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் சரியாகப் பதில் சொல்லாது.

அப்போதுதான் த்ரீ கிங்ஸில் ஒரு பெண்கள் உடுப்புக் கடையில் வேலைக்கு ஆள் தேவையென்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் கண்டு, துணிந்து உள்ளே போய்ப் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமை ஒருநாள் வந்து வேலை செய்து காட்டு, சரிவந்தால் திங்கட்கிழமையிலிருந்து வேலை என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமையில்தான் என் எதிர்காலமே தொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் சரிவராவிட்டால் திங்கட்கிழமை நான் எங்கே நிற்பேன் என்பதும் முடிவாகியிருந்தது. பக்கத்து வீட்டுத் திரேசா அக்கா, மன்னார்க்காரி, தான் வேலை செய்யும் கோழியிறைச்சிப் பண்டசாலையில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"கடையிலை சரிவராட்டி ஒண்டுக்கும் யோசியாதையும் பிள்ளை. திங்கக்கிழமை என்னோடை வாரும். கோழியைப் பெட்டியிலை அடுக்கிற வேலைதான். உள்ளுக்குள்ளை கொஞ்சம் குளிர்."

"எவ்வளவு குளிர் அக்கா?"

"மூக்கு இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது. அவ்வளவுதான்."

குளிர் என்றால் எனக்குச் சத்துரு. எப்பாடுபட்டாவது அந்த உடுப்புக் கடையைப் பிடித்துவிட வேண்டும் என்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வெளிக்கிடும்போதே குழப்பம் தொடங்கிவிட்டது. இலையுதிர் காலம் செப்டெம்பரில் வரும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தவள் நான். இங்கே ஏப்ரலில் வந்து நிற்கிறது. ஆனால் ஏப்ரல் என்றால் சித்திரை. சித்திரை என்றால் தார் உருகும் வெயில் என்று என் உடம்பு அடம்பிடித்தது. வருடப்பிறப்புக்குப் பொங்கலும் வைத்தாயிற்று. வெளியிலோ புல்லின்மேல் பனி.

"இஞ்சேரும், உள்ளுக்கை பனியன் போட்டனீரோ?" என்று இவர் கதவடியில் நின்று கேட்டார்.

"ஓம், ரெண்டு."

"அதுக்கு மேலை?"

"சட்டை, ஸ்வெட்டர், உங்கடை ஜாக்கெட்."

"காதுக்கு?"

காதுக்கு ஒன்றுமில்லை. பனி காதுக்குள் இறங்கினால் ஆள் படுக்கைதான் என்பது எங்கள் குடும்பங்களின் அசைக்கமுடியாத வைத்தியம். உடனே ஒரு மஃப்ளரை எடுத்துத் தலையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். இப்படி, வங்கிக் கொள்ளைக்குப் புறப்பட்டவள் போல, நாகரிக உடுப்புக் கடையில் வேலை கேட்டுப் போய் இறங்கினேன்.

கடை முதலாளி மேரியனுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷி. ஜன்னலில் நின்ற பொம்மையைக் காட்டினார். ஆள் உயரம், வழுக்கைத் தலை, ஒரு கை இடுப்பில். பக்கத்து மேசையில் ஐந்து உடுப்புகள் எடுத்து வைத்திருந்தார்: மெல்லிய பருத்திச் சட்டை, ஜீன்ஸ், கார்டிகன், மழைக்கோட், போர்வை அளவில் ஒரு கம்பளிச் சால்வை.

வெயிலுக்கும் குளிருக்கும் நடுவிலான இந்தக் காலத்துக்கு ஒரு பெண்ணிடம் இந்த ஐந்தும் இருந்தால் போதும் என்றார். ஒன்றின்மேல் ஒன்றாகப் போடலாம், தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். "வெளியில் இருக்கிற காலநிலைக்குப் பொருத்தமாக இவளுக்கு உடுத்திவிடு. பல் வைத்தியரிடம் போய்விட்டு ஒரு மணித்தியாலத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெளியில் இருக்கிற காலநிலைக்குப் பொருத்தமாக! அந்த ஒரு வசனம்தான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது வானம் இருண்டிருந்தது. ஆகவே ஐந்தையும் போட்டேன். போட்டு முடித்துச் சால்வையால் காதையும் மூடிக் கட்டினேன். (பொம்மைக்கும் காது காதுதானே.) தள்ளி நின்று பார்த்தேன். காய்ச்சல்காரி போல இருந்தாள்.

சரி, இந்த நாட்டுச் சனம் என்ன உடுத்துகிறது என்று பார்த்துச் செய்வோம் என்று ஜன்னலில் நின்று தெருவைக் கவனித்தேன். அதைப்போல ஒரு பிழையான யோசனை வேறில்லை. முதலில் ஒரு கட்டட வேலையாள் போனார். தலையில் கம்பளித் தொப்பி, கீழே அரைக்காற்சட்டை. தலைக்கு மாரி, முழங்காலுக்குக் கோடை. அடுத்து ஒரு வயதான அம்மா, கழுத்துவரை பொத்தான் பூட்டிய கனத்த கோட்டோடு, காலில் ரப்பர் செருப்பு. பிறகு ஒரு தாய் கையில்லாத பனியனோடு வந்தாள், தள்ளுவண்டியில் பிள்ளைக்கு மட்டும் கம்பளி. ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பருவம். யாரைப் பார்த்து நான் படிப்பது?

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுள்ளென்று வெயில் எறித்தது. எனக்கு உள்ளே இரண்டு பனியனும் நனைந்தன. இனிப் பொம்மைக்கும் கழற்றத்தான் வேண்டும். சால்வையும் மழைக்கோட்டும் கார்டிகனும் கழற்றியாயிற்று. உள்ளே போட்டிருந்த சட்டை பின்பக்கம் முன்னுக்கு வந்திருப்பதை அப்போதுதான் கண்டேன். அதையும் கழற்றிப் போடவேண்டும். நிமிர்ந்து பார்க்கிறேன், வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கையில் ஐஸ்கிரீமோடு, கண் வெட்டாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கை ஓடவில்லை. ஒரு ஆம்பிளை பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண்ணின் சட்டையை எப்படிக் கழற்றுவது? அவள் பிளாஸ்டிக் என்பது தெரியும். தெரிந்தும் என் மனம் ஒப்பவில்லை. அவளுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் இதற்கு ஊரில் வழியிருக்கிறது. கிணற்றடியில் நாலு பேர் பார்க்கக் குளிக்கிற பெண்கள் நாங்கள். ஒரு துணியை நெஞ்சுக்குக் குறுக்கே சுற்றி இறுக்கிச் செருகிவிட்டால், உள்ளே என்னத்தையும் கழற்றலாம், மாற்றலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. குறுக்குக்கட்டு என்போம். பத்து வயதிலிருந்து பழகிய கை. அந்த விலையுயர்ந்த கம்பளிச் சால்வையை எடுத்தேன், பொம்மைக்கு ஒரு சுற்றுச் சுற்றினேன், அக்குளுக்குக் கீழே இறுக்கிச் செருகினேன். பிறகு உள்ளே கைவிட்டு ஜீன்ஸையும் உருவினேன். (அது ஏன் என்று கேட்காதீர்கள். குறுக்குக்கட்டுக்குள் ஜீன்ஸ் இருப்பதை என் கை ஏற்றுக்கொள்ளவில்லை.) சட்டையை மேலே இழுத்தேன். இடுப்பிலிருந்த கையில் அது மாட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

கை கழன்று வந்துவிட்டது. தோளோடு.

அதே நேரம் சடசடவென்று மழை கொட்டியது. தெருவில் போன அத்தனை பேரும் ஓடிவந்து ஒதுங்கிய இடம் எங்கள் கடைக் கூரைத் தாழ்வாரம். ஒதுங்கியவர்கள் மழைக்கு முதுகைக் காட்டி, கண்ணாடிக்கு முகத்தைக் காட்டி நின்றார்கள். பார்க்க வேறென்ன இருக்கிறது? மஃப்ளர் கட்டிய ஒருத்தி, கையில் ஒரு கை, பக்கத்தில் கிணற்றடிக்குப் புறப்பட்ட மொட்டைத்தலைப் பெண். கிழவர் முன்வரிசையில்.

வந்த முதல்நாளே சாமானை உடைத்துவிட்டேன், வேலை போச்சு, கோழிதான் என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் இவர் பசை போட்டு ஒட்டித் தருவார், நாளைக்கே கொண்டுவந்து பூட்டிவிடலாம் என்று அந்த நேரத்தில் மூளை சொன்னது. கையை எடுத்து என் தோள்பைக்குள் செருகினேன். முழங்கைவரை போயிற்று. விரல் ஐந்தும் வெளியே நின்றன.

அதற்குள் தாழ்வாரத்தில் நின்ற ஒரு சமோவா நாட்டு அம்மா உள்ளே வந்துவிட்டார். சிரித்த முகம். பொம்மையைக் காட்டி, அதேமாதிரித் தனக்கும் கட்டிவிடச் சொன்னார். சொன்னதைச் செய்கிற நிலையில் மட்டும்தான் நான் இருந்தேன். இன்னொரு சால்வையை எடுத்து, அவருடைய உடுப்புக்கு மேலாகவே சுற்றிக் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மேரியன் திரும்பி வந்தார்.

பல் வைத்தியர் ஊசி போட்டிருந்ததில் அவருடைய முகத்தில் பாதி விறைத்திருந்தது. இடப்பக்கம் சிரிப்பது போலவும் வலப்பக்கம் அழுவது போலவும் இருந்தது. எந்தப் பக்கத்தைப் பார்த்து நான் பேசுவது என்று விளங்கவில்லை. அவர் கண்ணாடி முன்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், கடைசியில் என் பையைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபடுவது என்று சொல்வார்களே, அப்படி என்னைப்போல ஒருவரும் பிடிபட்டிருக்கமாட்டார்கள்.

நேரே போய் ஜன்னல் ஓரத்தில் தொங்கிய ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தார். மேலிருந்து பெரிய வெள்ளைத் திரையொன்று இறங்கி ஜன்னலை முழுக்க மூடியது. அது அங்கே காலையிலிருந்து இருந்திருக்கிறது. பிறகு என் பையிலிருந்து கையை எடுத்து, பொம்மையின் தோளில் வைத்து ஒரு திருகு திருகினார். டக்கென்று பூட்டிக்கொண்டது. கழற்றுவதற்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்களாம்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்கு வெட்கம் என்றேன்.

"அவள் பிளாஸ்டிக்" என்றார் மேரியன்.

"எனக்குத் தெரியும்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல்தடவையாக ஒரு வெளியாள் என்னிடம் ஒரு பொறுப்பைத் தந்தார், அதை ஒரு மணித்தியாலம்கூடக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று வந்த அழுகை அது. மேரியன் பேப்பர் கைக்குட்டை எடுத்துத் தந்தார். ஆனால் வேலை தரவில்லை. போகும்போது ஒரு பொத்தான் இல்லாத சாம்பல்நிறக் கார்டிகன் ஒன்றைப் பையில் போட்டுத் தந்து, அந்த மஃப்ளரை இனிக் கட்டாதே என்று பாதி வாயால் சொன்னார். சமோவா அம்மா அதற்குள் சால்வையை வாங்கி, கட்டியது கட்டியபடியே மழைக்குள் நடந்து போய்விட்டார்.

என்னைக் கூட்டிப்போக இவர் வந்திருந்தார். காரில் ஏறியதும் கேட்டார்: "என்னப்பா, என்ன நடந்தது?"

சொன்னேன். மவுண்ட் ரோஸ்கில் வரும்வரைக்கும் மனுஷன் வாய் திறக்கவில்லை. எனக்காகக் கவலைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கத் தொடங்கினார்.

"ஏன் அழுறியள்?"

"அழேல்லை" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குறுக்குக்கட்டோடை பொம்மை தலைக்குத் தண்ணி ஊத்தினவளோ எண்டு யோசிச்சன்."

திங்கட்கிழமை திரேசா அக்காவோடு கோழிப் பண்டசாலைக்குப் போனேன். பதினோரு வருடம் வேலை செய்தேன். அங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும்: தை என்றாலும் ஆடி என்றாலும் உள்ளே ஒரே குளிர்தான். இரண்டு பனியன், ஸ்வெட்டர், அதற்கு மேலே மேரியன் தந்த கார்டிகன், அதற்கு மேலே அவர்கள் தரும் வெள்ளை அங்கி. காலையில் என்ன உடுத்துவது என்ற கேள்வி இல்லாத ஒரே இடம் இந்த நாட்டில் எனக்கு அதுதான். மூக்கு இருந்ததா என்று தெரியாவிட்டாலும் மனம் தெளிவாக இருந்தது.

மகள் இங்கேதான் பிறந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளுக்குத் தமிழ் பழக்க நாங்கள் படாத பாடில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் அனுப்பிப் பார்த்தோம். "வாழைப்பழம்" இன்றைக்கும் வாயில் வராது.

ஆனால் அப்பா சொல்லிச் சொல்லிப் பொம்மைக் கதை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பாடம். குளித்துவிட்டு, துவாயை நெஞ்சுக்குக் குறுக்கே சுற்றிக்கொண்டு, ஈரக்காலோடு வரவேற்பறைக்கு நடுவே வந்து நிற்பாள். ஒரு கையை இடுப்பில் வைப்பாள். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பாள். அப்பாவைப் பார்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல், யாழ்ப்பாணத்தில் பிறந்தவள்போலச் சொல்வாள்:

"குறுக்குக்கட்டு!"