பெரியப்பாவுக்கு நான் அனுப்பிய நோட்டீஸ்

சட்டக் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே ஒரு வழக்கில் தோற்றவன் நான். கட்சிக்காரர் என் அப்பா. எதிர்க்கட்சி என் பெரியப்பா. வழக்குச் செலவு முழுவதும் என் எதிர்காலத்திலிருந்து பிடித்துக்கொள்ளப்பட்டது. இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்று சிரித்ததெல்லாம் மற்றவர்கள்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. மதுரையில் கோச்சடை தாண்டி மேற்கே எங்கள் ஊர். பி.ஏ. பொருளாதாரத்தில் இரண்டாம் வகுப்பு வாங்கிவிட்டு (அதுவும் கரணம் போட்டு வாங்கியது) வீட்டில் சும்மா கிடந்தேன். அப்பா ஒரு நாள், "வக்கீலுக்குப் படிடா" என்றார். என் மேல் இருந்த நம்பிக்கையில் அல்ல. அவருக்கும் அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்கும் சேர்ந்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். காலை ஆறு மணிக்கு எங்கள் முறை தொடங்க வேண்டும். பெரியப்பா ஏழு மணிக்குத்தான் மோட்டாரை எங்களுக்கு விட்டுத் தருவார். அந்த ஒரு மணி நேரத்தை அப்பா பத்து வருடமாக நெஞ்சில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு உண்டு என்றார்கள். பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு கைடு வாங்கினேன். ஆங்கிலத்தில் ஐந்நூறு கேள்விகள். அரசியல் சட்டத்தில் எத்தனை அட்டவணை, எந்த ஷரத்து எதைப் பற்றியது என்று மாட்டுக்குத் தீனி போடும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். என் ஆயுளில் நான் ஒழுங்காகப் படித்தது அந்த இரண்டு மாதம்தான். ஆனால் முழுதாகப் புரிந்தது என்னவோ கடைசிப் பக்கத்தில் இருந்த மாதிரி வக்கீல் நோட்டீஸ் மட்டும். பெயரையும் ஊரையும் மாற்றிப் போட்டால் போதும், எதிராளி நடுங்கிவிடுவான் என்று தோன்றும்.

ஒரு நாள் அப்பா கேட்டார்: "ராப்பகலா படிக்கிறியே, நம்ம கெணத்துக்கு இதுல ஏதாச்சும் வழி போட்ருக்கா?"

"இருக்கு" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறுநாளே சிம்மக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நோட்டீஸை அடித்தாயிற்று. முழுக்க ஆங்கிலம். முறை தாண்டி மோட்டார் ஓட்டுவதைப் பதினைந்து நாட்களுக்குள் நிறுத்த வேண்டும், தவறும் பட்சத்தில் சிவில், கிரிமினல் இரண்டு வழியிலும் நடவடிக்கை என்று மிரட்டல். கீழே என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ., பி.எல். என்று அடிக்கச் சொல்லி, அதற்கடியில் பொடி எழுத்தில் 'விண்ணப்பித்துள்ளார்' என்றும் சேர்த்தேன். (உண்மையில் அன்றுவரை விண்ணப்பம்கூடப் போடவில்லை.) பிறகு ஒப்புகை அட்டையுடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பெரியப்பா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் இடுப்பளவு சுவர்.

தபால்காரர் வந்த அன்று அப்பாவும் நானும் சுவருக்கு இந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார். கிழித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அந்தத் தெருவிலேயே ஆங்கிலம் தெரிந்தவன் ஒருவன்தான்.

"தம்பி! வீட்ல இருக்கியா? இங்கிலீசுல ஏதோ வந்திருக்கு. வந்து என்னன்னு பாத்துச் சொல்லுப்பா."

திரும்பிப் பார்த்தால் கட்சிக்காரரைக் காணோம். மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டிருந்தார்.

போனேன். பெரியம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். நான் எழுதிய நோட்டீஸை நானே முதல் முறை பார்ப்பவன்போல நெற்றியைச் சுருக்கிப் படித்தேன்.

"கரண்டு ஆபீஸ்ல இருந்து பெரியப்பா. மோட்டாரை முறை தாண்டி ஓட்டக்கூடாதாம்."

"நம்ம மோட்டாரு எம்புட்டு நேரம் ஓடுதுன்னு அவனுகளுக்கு எப்படித் தெரியும்? கையெழுத்து யாருது?"

"யாரோ பெரிய ஆபீசர்." (சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மறைப்பானேன்.)

பெரியப்பா முகம் வாடிப்போனது. "எதுக்கும் மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மாப்பிள்ளை என்றால் பெரியப்பா மகளைக் கட்டிய எங்கள் மச்சான். அரசாங்கக் கால்நடை டாக்டர். எங்கள் வம்சத்துக்கே ஒரே ஒரு கெஜட்டட் ஆபீசர். அந்தக் காலத்தில் சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் எந்த விண்ணப்பமும் செல்லும். நன்னடத்தைச் சான்றும் அப்படி ஒருவர்தான் தர வேண்டும். நான் மச்சானை நம்பித்தான் சாவகாசமாக இருந்தேன். கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் பாக்கி. அந்த மச்சான் கைக்குத்தான் இப்போது நான் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் போகிறது.

அடுத்த இரண்டு நாள் மதுரை முழுக்கப் பச்சை மை தேடி அலைந்தேன். ஒரு அதிகாரி மீட்டிங்கில் இருந்தார், மறுநாளும் அதே மீட்டிங்கில் இருந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள் கோடை விடுமுறையில் போயிருந்தார்கள். ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒன்னை யாருன்னே எனக்குத் தெரியாது, நடத்தை நல்லதுன்னு எப்படிய்யா எழுதுறது?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபத்தொரு வயதில் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுவதற்கு ஒரு காரணம் வேண்டும். 'பச்சை மை கிடைக்கவில்லை' என்று யாரிடம் சொல்வது?

கடைசி நாள் காலை, வேறு வழியில்லாமல் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். மச்சான் ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி இருபது சம்சாரிகள். வேப்பமரத்தடியில், காளையைப் பிடித்துக்கொண்டு, சாட்சாத் பெரியப்பா.

"வாங்க வக்கீல் சார்" என்றார் மச்சான், கையை வெளியே எடுக்காமலே. "என் சட்டைப் பையில ஒரு தாள் இருக்கு, எடு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி தமிழ்ல படி. இந்தத் தடவை உள்ளதைப் படி."

படித்தேன். 'கிரிமினல் நடவடிக்கை' வரும் இடத்தில் ஒரு கிழவர், "சொந்தப் பெரியப்பனுக்கா?" என்று வாயில் கை வைத்தார். 'விண்ணப்பித்துள்ளார்' என்று முடித்தபோது ஆஸ்பத்திரியே சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"மோரு குடிச்சுக்கிட்டே பொய் சொன்னியேப்பா" என்றார். அவ்வளவுதான். அதற்கு நாலு அறை கொடுத்திருக்கலாம். இப்போது எழுதும்போதும் அந்தக் குரலுக்காகக் கூசுகிறது.

"மன்னிச்சிருங்க பெரியப்பா. மோட்டாரு ஏழு மணி வரைக்கும் ஓடட்டும். நான் அப்பாகிட்டச் சொல்லிக்கிறேன்."

கட்சிக்காரரைக் கேட்காமலே வழக்கை விட்டுக்கொடுத்துவிட்டேன். மச்சான் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி வந்து, பச்சைப் பேனாவைத் திறந்தார்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. இவன் நடத்தை என்னன்னு எழுத?"

பெரியப்பா காளையின் முதுகைத் தடவினார். "நல்ல பையன்னே போடுங்க மாப்பிள்ளை. புத்திதான் கம்மி. அதுக்குத் தனியா கட்டம் இருந்தா அதையும் எழுதுங்க."

சாணமும் டெட்டாலும் மணக்கும் சான்றிதழ்களோடு இரண்டு பஸ் மாறி ஓடினேன். சட்டக் கல்லூரி அலுவலகத்தை அடைந்தபோது மணி நாலரை. ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாம் சரி. முத்திரையைப் பார்த்ததும் அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"மாட்டு டாக்டருக்கு உங்களை எப்படித் தம்பி தெரியும்?"

சும்மா பேச்சுக்குக் கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு மாடு ஓட்டிப் போவேன் சார்" என்றிருந்தால் தீர்ந்தது. நானோ நெஞ்சை நிமிர்த்தி, "எங்க மச்சான் சார். பெரியப்பா மக, எங்க அக்கா வீட்டுக்காரர்" என்றேன். வாழ்க்கையின் முதல் குறுக்கு விசாரணையில் கேட்காத உண்மையையும் சேர்த்துச் சொன்ன வக்கீல் நானாகத்தான் இருப்பேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பினார். பின்பக்கம், எட்டாவது குறிப்பு: நன்னடத்தைச் சான்று அளிப்பவர் விண்ணப்பதாரரின் உறவினராக இருத்தல் கூடாது.

"சட்டம் படிக்க வர்றீங்க. பின்பக்கத்தைப் படிக்கலையா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை, வருத்தமாகவே கேட்டார். மணி ஐந்துக்கு ஜன்னலைச் சாத்தும்போதும் நான் அங்கேயேதான் நின்றேன். மெட்ராஸ் கல்லூரிக்கு அனுப்ப வைத்திருந்த இன்னொரு விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அதே வரி. அந்த ஐந்நூறு கேள்விகளையும் என்னிடம் யாரும் கடைசிவரை கேட்கவில்லை.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டேன். அப்பா பதறிப்போனார். "வேணாம்பா! இன்னொரு தடவ நீ படிச்சா மிச்சக் கெணறும் போயிரும்." ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது. கோர்ட் வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். எங்கள் இரண்டு வீட்டிலும் கல்யாணப் பத்திரிகை வந்தால் இன்றும் யாராவது ஒருவர், "பின்பக்கத்தை அவன்கிட்டக் குடுங்கப்பா, படிக்கட்டும்" என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் பேப்பரில் ஒரு செய்தி. இனி நகல்களுக்கு அதிகாரிகளின் கையெழுத்துத் தேவையில்லை, விண்ணப்பிப்பவர் தாமே கையெழுத்திட்டால் போதுமாம். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் மச்சானிடமிருந்து போன் வந்தது. ரிட்டயராகி எத்தனையோ வருடமாகியும் குரலில் அதே நக்கல்.

"மாப்ள, பேப்பர் பாத்தியா? இனிமே ஒன் நடத்தைக்கு நீயே பச்சை மையில போட்டுக்கிறலாம் போல. என்னன்னு போடுவ?"

முப்பது வருடமாக மனதுக்குள் வாதாடி வைத்திருந்த பதில் என்னிடம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள், பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது:

"அவன் போட்டாச் செல்லாதுங்க. அவனுக்கு அவன் சொந்தக்காரன்ல!"