லண்டனுக்கு ஆறு மணி நேரம்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கழித்தல் கணக்கு மட்டும் எனக்கு நன்றாக வரும் என்று நினைத்திருந்தேன். அதுதான் கெடுத்தது.

லண்டனில் வேலை செய்யும் என் மகன் முரளி, அங்கேயே ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். பெண்ணின் அம்மா, "தம்பி, உம்மட அம்மாவை ஒருக்காப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவம்" என்றாராம். எனக்கு டிக்கெட் வந்தது. கோலாலம்பூரில் காலை பத்து மணிக்குப் புறப்பாடு, லண்டனில் மாலை நாலு மணிக்கு இறக்கம், அதே தேதி. கழித்துப் பார்த்தேன். ஆறு மணி நேரம். எங்கள் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கே பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஆகிறது. லண்டன் அதைவிட ஒரு மணி நேரம்தான் கூட. (இதற்கா பக்கத்து வீட்டு அக்கா மகனை லண்டனுக்கு அனுப்பிவிட்டு அப்படி அழுதார்!) யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம்.

சம்பந்தியம்மாவுக்கு என் கையால் ஆப்பம் சுட்டுக் கொடுக்க ஆசை. விடியுமுன் மாவு அரைத்து, சாயங்காலத்துக்குள் பொங்க வேண்டுமே என்று ஈஸ்ட்டைத் தாராளமாகப் போட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து, அலுங்காமல் இருக்கப் பெண்ணுக்கு வாங்கிய பட்டுப் புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

விமானத்தில் என் கடிகாரம் நாலு காட்டியது. கம்பளியை மடித்துவிட்டு, கைப்பையோடு போய்க் கதவருகே நின்றேன். மலாய்ப் பணிப்பெண் ஓடி வந்தாள்.

"மக்சிக், டுடுக் டுலு" என்று, அம்மா முதலில் உட்காருங்கள் என்பதாக, இருக்கையைக் காட்டினாள்.

"மணி நாலாச்சுலா. லண்டன் வந்திருக்கணுமே?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"டிக்கெட்ல இருக்கிறது லண்டன் மணி, மக்சிக். இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு."

திரையில் ஒரு குட்டி விமானத்தைக் காட்டினாள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேலான பாதையில் அது பாதிகூடத் தாண்டவில்லை. என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மாவுக்கு மணி பார்க்கத் தெரியாதே.

லண்டனில் என் பெட்டி ஜிப் ஓரமெல்லாம் நுரை தள்ளிக்கொண்டு சுற்றி வந்தது. மற்றவர்கள் தங்கள் பெட்டிகளை அதிலிருந்து ஒதுக்கி எடுத்தார்கள். வெளியே முரளி, பெண், சம்பந்தியம்மா. வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "மாவு" என்று வந்தது.

"அம்மா, இங்கேயே கடையில மாவு விக்கிறாங்கம்மா!" என்று முரளி தலையில் கைவைத்தான்.

சம்பந்தியம்மா அங்கேயே பெட்டியைத் திறக்கச் சொன்னார். புடவையைப் பார்த்தார். டப்பாவில் மிஞ்சியதை முகர்ந்தார். கல்யாணம் போச்சு என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாங்கள் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிறனாங்கள். நீங்கள் பிளேனிலை ஏத்திப் புளிக்க வச்சிட்டியள்" என்றார். பிறகு மகளிடம், "சீலைக்குக் கஞ்சியும் போட்டாச்சு, பிள்ளை. இனி நாள் பாக்க வேண்டியதுதான்."

எங்கள் குடும்பத்தில் இன்றும் பயணத்துக்கு யாரும் மணி கேட்பதில்லை. ஈப்போ அரை மாவுத் தூரம், சிங்கப்பூர் ஒரு மாவு, லண்டன் இரண்டரை மாவு.

இதில் எழுதியிருக்கும் மணியையும் கிலோமீட்டரையும் யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கழித்தலை நான் விட்டுவிட்டேன்.