முதலாளி நமக்கு வேண்டியவர்

ஓட்டலுக்குப் போகிறவர்கள் பல ரகம். பசித்துப் போகிறவர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போகிறவர்கள், அடுத்த மேசைக்காரர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே போகிறவர்கள். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. வருவார்கள், சாப்பிடுவார்கள், காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் சொல்ல வந்தது இன்னொரு ரகம். அவர்தான் முதலாளியைத் தெரிந்தவர்.

உங்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். ஊரில் எங்காவது ஒரு பழைய கட்டடத்துக்குப் புதிதாக வெள்ளையடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரப்போவது ஓட்டலா, சலூனா, பல் டாக்டரா என்று வெள்ளையடிக்கிறவருக்கே தெரியாது. இவருக்குத் தெரியும். "ஓட்டல்தான். நம்ம பையன்தான் போடுறான். இடமே நான் பாத்துக் குடுத்ததுதான்" என்பார். கடை நன்றாக ஓடினால் அந்த வெள்ளைகூட இவர் சொன்ன வெள்ளை. ஓடாமல் மூடிவிட்டால், "அப்பவே சொன்னேன், கேட்டானா?" அந்தப் பையன் யார், எப்போது சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார் என்றெல்லாம் நீங்கள் கேட்கக்கூடாது. கேட்டால் உங்களுக்கு ஊர் நடப்பு தெரியவில்லை என்று அர்த்தம்.

நம்முடைய ஆள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்கடைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஓட்டலுக்குள் நுழைவதையே தனியாகப் பார்க்கவேண்டும். வாசல் வழியாக வருவது வெளியாட்கள் வேலை. இவர் பக்கத்துச் சந்தில் புகுந்து, எண்ணெய் டின்களைத் தாண்டி, சமையல்கட்டு வழியாகத்தான் வருவார். வருகிற வழியில் இரண்டு பாத்திரங்களின் மூடியைத் தூக்கிப் பார்த்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பவரிடம் "என்னப்பா, எல்லாம் நல்லாப் போகுதா?" என்று விசாரிப்பார். அவரும், யாரோ சுகாதார அதிகாரி போலிருக்கிறது என்று பயந்து எழுந்து நிற்பார். இவருக்கு அது மரியாதை!

உட்கார்ந்ததும் மெனு வரும். புறங்கையால் ஒரு தள்ளு. "இதெல்லாம் எதுக்குப்பா எனக்கு? உள்ள என்ன இருக்கு, அதச் சொல்லு." உள்ளே ஏதோ ஒரு ரகசியச் சட்டி இருப்பதாகவும், அதை இவருக்காகவே துணி போட்டு மூடிவைத்திருப்பதாகவும் இவருக்கு ஒரு நினைப்பு. கடைசியில் வருவது மெனுவில் இரண்டாவது வரியில் இருக்கிற அதே மீன் வறுவல்தான். அது மேசைக்கு வந்ததும் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அதற்கப்புறம்தான் அந்த மகா வாக்கியம். "நான் வந்திருக்கேன்னு முதலாளிகிட்ட சொல்லு." பேரைச் சொல்வாரா? மாட்டார். பேரைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றால் அப்புறம் என்ன பழக்கம்? சப்ளையர் பாவம், என்ன செய்வார்? "நான்" என்றால் யார் என்று கேட்டால் வம்பு. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு சார்."

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தில் அப்போது வரும் பூரிப்பைப் பார்க்கவேண்டுமே! உலகத்திலேயே இவருக்கு மட்டும்தான் சாப்பாடு கடைசியாக வரும், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை கிடைக்கும், ஆறிப்போன சூப் வரும். ஆனாலும் அந்தச் சிரிப்பு ஒன்று போதும், வயிறு நிறைந்துவிடும். அவர் மனைவிக்கு அப்படியெல்லாம் நிறையாது. அதனால் வெளியே சாப்பிடப் போகிற நாட்களில் அந்த அம்மாள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

இவர்களுக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. சின்ன வயதிலிருந்து ஓட்டல் மேசைகளில் தலையைக் குனிந்தபடியே வளர்ந்த பெண். எந்தச் சப்ளையர் முகத்தையும் அவள் நேராகப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு அதே ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. அழகா, சம்பளமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதெல்லாம் இல்லை. காண்டீனில் அவன் வரிசையில் நின்றான். பலகையில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை வாசித்தான். தனக்கு வேண்டியதைச் சொன்னான், வாங்கினான், சாப்பிட்டான், போய்விட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அம்மா, அவருக்குக் காண்டீன்காரர் யாருன்னே தெரியாதும்மா!" என்றாள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. அந்தச் சமயத்தில்தான் கடைவீதியில் பழைய அச்சகம் இருந்த இடத்தில் ஒரு புது ஓட்டல் திறந்திருந்தார்கள். சின்ன ஊர், கேட்கவேண்டுமா? எந்த வீட்டில் பார்த்தாலும் அந்த ஓட்டல் பேச்சுதான். போய்வந்தவர்கள் போகாதவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சு போட்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். "அங்கேயே வச்சுக்கலாம். நம்ம பையன் கடைதான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மகள் அழுதேவிட்டாள்.

"அப்பா, ஒரே ஒரு நாள். மெனுவைப் பாத்து ஆர்டர் பண்ணுங்கப்பா. யாரையும் கூப்பிடாதீங்க. எனக்காக."

"என்னம்மா இது, இதுக்குப் போய் அழுவாங்களா? சரி, கூப்பிடல. போதுமா?"

சொன்னபடியே செய்தார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு மனுஷன் வாசல் வழியாகவே வந்தார். மெனுவைக் கையில் வாங்கினார். திறந்தார். ஒரு பக்கத்தை வாசிக்கவும் வாசித்தார். மகள் மூச்சே விடவில்லை. எதிரில் பையனும் தலை நிமிராமல் சூப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனது குளிர்ந்தது. அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, பையனின் அப்பா, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், தனக்கு வந்த மெனுவைப் புறங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினார்.

"இதெல்லாம் எதுக்குப்பா? நான் வந்திருக்கேன்னு முதலாளிகிட்ட சொல்லு."

கண்ணாடிக்கடைக்காரர் மெனுவை மூடினார்.

"எந்த முதலாளிங்க?"

"இந்தக் கடை முதலாளிதாங்க. நம்ம பையன். என்கிட்டதான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டான். பிரேக் எங்க இருக்குன்னே தெரியாது அவனுக்கு."

"எப்படித் தெரியும்? அவனுக்குப் பார்வை அப்படி. கண்ணாடி போட்டுவிட்டதே நான்தானே."

"அவன் கண்ணாடியே போடமாட்டானே!"

"உங்க முன்னாடி கழட்டியிருப்பான். கூச்ச சுபாவம். ஒல்லியா, உயரமா…"

"உயரமா? குட்டைங்க. நல்ல பருமன்."

"சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

சப்ளையர் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தண்ணீர் ஊற்றினார். "உள்ள என்ன இருக்கு?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "மெனுல இருக்கறதுதான் சார் இருக்கு" என்றார் அவர். இருந்த கோபமெல்லாம் அந்த மனிதர் தலையில் இறங்கியது. "நீ புது ஆளா? போய் முதலாளியை வரச்சொல்லு. வந்து அவனே சொல்லட்டும், யாரைத் தெரியும்னு!"

விஷயம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். ஒரு பெண்ணும் பையனும் வாழ்வதா வேண்டாமா என்பது போய், யாரோ ஒருவன் குட்டையா நெட்டையா என்று ஆகிவிட்டது. அப்படி ஒருவன் உண்டா என்று யாராவது யோசித்தார்களா? டிரைவிங் ஸ்கூல்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே விட்டார். "முதல் நாளே என்னைப் பொய்யன்னு சொல்ற இடத்துல சம்பந்தமா? நல்லா இருக்கு! எந்திரிடா, போலாம்." பையன் மெனுவைக் கையில் பிடித்தபடியே எழுந்தான். மகள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் எழவில்லை. வாசலில் காத்திருக்கும் ஜனங்களைப் பார்த்து, தான் ஜெயித்துவிட்டதாக ஒரு தலையாட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் மாவு, முகத்தில் வியர்வை.

"என்னைக் கூப்பிட்டீங்களாமே?"

"உன்னை இல்லம்மா. முதலாளியை வரச்சொல்லு."

"நான்தாங்க முதலாளி."

இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆனால் இந்த ரகத்தை நீங்கள் லேசாக எடைபோட்டுவிடக்கூடாது. கண்ணாடிக்கடைக்காரர் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"உங்கப்பாவைத்தாம்மா சொன்னேன்."

"அப்பா இந்த ஊருக்கே வந்ததில்லைங்க."

டிரைவிங் ஸ்கூல்காரர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கண்ணாடிக்கடைக்காரருக்குக் கைகொடுத்தார். "வீட்டுக்காரரைச் சொல்றாரும்மா."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

"அண்ணன் தம்பி யாராவது…"

"தங்கச்சிதாங்க. ஊர்ல படிக்குது."

"கூட்டுச் சேர்ந்து யாராவது…"

"யாருமில்லைங்க. நானும் அடுப்பும்தான். அடுப்புல வேற ஒண்ணு கிடக்கு. என்ன சாப்பிடறீங்க?"

முதலில் சிரித்தது பையனின் அம்மா. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடிக்கடை அம்மாளும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பல வருஷத்துச் சிரிப்பைச் சிரித்து முடித்தார்கள். அப்புறம் மெனுவை எடுத்து வைத்துக்கொண்டு வேண்டியதைச் சொன்னார்கள். சொன்னது வந்தது. சூடாக வந்தது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததற்காகக் கண்ணாடிக்கடை அம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டார். சூப்புக்கும் காபிக்கும் நடுவில் கல்யாணத்தை இரண்டு அம்மாக்களுமே பேசி முடித்துவிட்டார்கள். அப்பாக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் இப்போது ரொம்ப ஒற்றுமை. சூப்பில் உப்புக் கொஞ்சம் குறைவு என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. "நம்ம பையன் நடத்தியிருந்தா இப்படி விட்டிருக்க மாட்டான்" என்றார் ஒருவர். "அவன் தங்கமாச்சே" என்றார் மற்றவர்.

மகள் தரையில் கால் பாவாமல் வெளியே வந்தாள். இனி எந்த ஓட்டலுக்கும் நிமிர்ந்தே போகலாம். பையன் வண்டியை எடுக்க நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் போன் அடித்தது. யாரோ நண்பன்.

"அந்தப் புது ஓட்டலா? அங்கதான்டா இருக்கேன். டேபிள் கிடைக்கலையா? என்கிட்ட சொல்லக்கூடாதா? ஓனரம்மா நமக்கு ரொம்ப வேண்டியவங்க. இப்பகூட டேபிளுக்கே வந்து பேசிட்டுப் போனாங்க. நீ போய் நான் சொன்னேன்னு சொல்லு."

மகள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் அம்மா.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

"இப்ப என்னம்மா பண்றது?"

அம்மா யோசித்தார். "மத்தபடி நல்ல பையன்தான்டி" என்றார். கொஞ்சம் விட்டு, "உங்கப்பாவைப் பத்தியும் எங்கம்மா இதையேதான் சொன்னாங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. வேறென்ன நடக்கும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இவர்களையெல்லாம் பார்த்திருக்கிறோம், நாம் அப்படியில்லை என்று நினைக்கிறீர்கள். அதுவும் சரி. ஆனால் இதை மூடிவைத்துவிட்டு இன்று சாயங்காலம் யாரிடமாவது, "நல்லா எழுதியிருக்காரு இல்ல? நமக்குத் தெரிஞ்சவர்தான்" என்று சொல்லத்தான் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அவர்கள் என்னிடம் வந்து கேட்டால் மட்டும் என்மேல் வருத்தப்படாதீர்கள். உங்களை எனக்கு யாரென்றே தெரியாது.