சுவிட்ச் பார்க்க வந்த மாப்பிள்ளை

இன்னும் கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மனிதர் உலகத்தைக் காப்பாற்றப் போய் வீட்டை வேகவைத்த கதை சொல்கிறேன்.

பெண் பார்க்க ஆட்கள் வர அரைமணி நேரம் இருக்கையில் புரோக்கர் போன் எடுத்தார். "ஐயா, கனடாப் பெடியனுக்குக் கரண்ட் வீணாக்கினால் பிடிக்காது. வீட்டுக்குள்ள வந்தால் முதல் சுவிட்சைத்தான் பார்ப்பான்."

முப்பத்துமூன்று வயது மகள் நிருஷாவுக்குப் பொருந்தி வந்த ஒரே சாதகம். சிவபாதசுந்தரம் விடுவாரா? ஏசியை நிறுத்தினார். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயோ, ஐஸ்கிறீம் கரையுதப்பா!" மனைவி அருந்ததி கத்தினார்.

"பூமியே உருகுது, உமக்கு ஐஸ்கிறீம்!"

பொழுதுபட்டது. லைட்டை அணைத்து மெழுகுதிரி கொளுத்தினார். ஃபான் காற்றில் அது அணைந்தது. ஃபானை நிறுத்தினார். வெக்கை தாங்காமல் ஜன்னலைத் திறக்க, கடற்காற்று வந்து திரியை மறுபடி அணைத்தது. ஜன்னலையும் பூட்டினார்.

நிருஷா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அப்பா, அவர் கனடாவில இருந்து நீந்தியோ வந்தவர்?"

"வாயை மூடு. சிரிச்ச முகமா இரு."

சிவபாதசுந்தரம் கீழே ஓடிப்போய், வந்தவர்களை லிஃப்ட் வாசலிலேயே மறித்தார். "நாங்கள் இதைப் பாவிக்கிறேல்லை. படியால வாங்கோ."

மாப்பிள்ளை திலக்ஷனின் முகம் மலர்ந்தது. கூட வந்த பெரியம்மாவின் முகம் கறுத்தது.

ஐந்தாம் மாடி. வெக்கை. ஒற்றை மெழுகுதிரி. திலக்ஷன் சுவர் சுவராகப் பார்த்துத் தலையாட்டினான். "அங்கிள், இப்பிடி ஒரு குடும்பத்தைத்தான் நான் தேடினனான்."

சிவபாதசுந்தரம் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா தொப்பென்று கதிரையில் சரிந்தார்.

"ஐஸ் கொண்டாங்கோ!"

ஐஸ் ஏது? அருந்ததி கரைந்த ஐஸ்கிறீமை அள்ளி அவர் நெற்றியில் பூசினார். பொறுக்க முடியாத நிருஷா எழும்பிப் போய் ஃபானைப் போட்டாள். மெழுகுதிரி அணைந்தது.

"ஆர் போட்டது?" இருட்டுக்குள் மாப்பிள்ளையின் குரல் கடுத்தது.

பெரியம்மாவுக்கு உயிர் வந்தது. "பேசாமல் இரடா! அங்க பனிக்குள்ள ஹீற்றரை நிப்பாட்டி நிப்பாட்டித்தானே உன்ர முதல் மனுசி விட்டிட்டு ஓடினவள்!"

பிள்ளைகளே, உங்கள் வீட்டு விளக்கு வேண்டிய நேரம் எரிந்து, வேண்டாத நேரம் அணையட்டும். வாசலுக்கு வருகிற சம்பந்தம் மட்டும் எப்போதும் வெளிச்சத்தில் வரட்டும்.