தேர்வுக்குழுத் தலைவரின் கூடுதல் தகுதிகள்

கதவைத் திறந்துவிடுங்கள் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தால், தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். கெட்டவர்கள் இல்லை, பாவம். தகுதி என்ற சொல் காதில் விழுந்தாலே அவர்களுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

நம் தலைவரும் அந்த இனம்தான். மலைவாழ் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் விமானிப் பயிற்சி கொடுக்க ஆள் எடுக்கும் குழுவுக்கு அவர் தலைவர். விதி ரொம்பச் சுருக்கம்: பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் தேறியிருக்க வேண்டும், வயது வரம்பைத் தாண்டக் கூடாது. இவ்வளவுதான் என்றால் தலைவர் எதற்கு? அந்தக் கவலை அவரைக் காலையிலிருந்தே அரித்தது. முதலில் வந்த பையனுக்குக் கையெழுத்து சரியில்லை என்றார், அடுத்தவனுக்குக் குரலில் கம்பீரம் போதாது என்றார், மூன்றாமவன் மலையிலிருந்து இறங்கும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்ததை வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தான். “பஸ்ஸுக்கே இப்படியா!” அவன் கதையும் முடிந்தது.

அடுத்து வந்தவள் தையல் கடையில் வேலை பார்க்கும் பெண். அவளுக்கு இது கடைசி வாய்ப்பு; அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

“இதென்ன, ரெண்டு சான்றிதழ்?”

“எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் இல்லைங்க சார். வரலாறு எடுத்துப் பாஸ் பண்ணினேன். அப்புறம் வேலை பாத்துக்கிட்டே இயற்பியலும் கணக்கும் தனியா எழுதினேன்.”

“தனியா...” அந்தச் சொல்லைக் கஷாயம் மாதிரி விழுங்கினார் தலைவர். “குடும்பத்துல யாராவது விமானி இருக்காங்களா?”

“இருந்தா அவங்ககிட்டயே கத்துக்கிட்டிருப்பேனே சார்.”

“விமானத்துல ஒரு தடவையாவது ஏறியிருக்கியா?”

“டிக்கெட் வாங்கக் காசு இல்லைங்க. அதான், ஓட்டியாவது பாக்கலாம்னு...”

குழுவில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற விமானி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. சிரித்தால் பதவியின் எடை குறைந்துவிடாதா?

“துணிச்சல் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பள்ளிக்கூடத்துலயே கணக்குப் படிச்சவங்களுக்குத்தான்...”

“அது விதியில எங்க சார் இருக்கு?” என்றார் விமானி அம்மாள்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுத் தேடினார், கழற்றித் தேடினார். “விதியில இல்லம்மா. நம்ம அனுபவத்துல இருக்கு.”

“என் அனுபவத்தையும் கேளுங்க. கணக்கை எங்க படிச்சேன்னு எந்த விமானமும் என்னைக் கேட்டதில்ல. கணக்கு சரியா வந்தா அதுக்குப் போதும்.”

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் அவர் பக்கம் பேசவில்லை. பெண்ணைத் தேர்ந்தெடுத்ததாகக் கையெழுத்துப் போட்டார். வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மூன்று பையன்களையும் அந்த அம்மாள் திரும்ப உள்ளே அழைத்தார், அவர்களும் தேறினார்கள். பெண் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். பேச்சு வராமல் விம்மினாள். “போனாப் போகுதுடி, வீட்டுக்கு வா” என்று அங்கே தாய் தேற்றிக்கொண்டிருந்தாள்!

சாயங்காலம் தலைவர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார்: “இன்னைக்கு நான் மட்டும் இல்லேன்னா ஒரு நல்ல விமானியை நாடு இழந்திருக்கும்!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் தெருவில் துணி தேய்ப்பவர், மகளை டாக்டருக்குப் படிக்கவைக்கப் போவதாக முகமெல்லாம் பல்லாகச் சொன்னபோது, “அப்படியா, மார்க் எவ்வளவு?” என்று இழுத்தது யார்? பக்கத்து வீட்டுக்காரரா?