சாக்கடைக்காப்பி அண்ணனும் எங்கப்பாவின் சந்தேகமும்

தேனி மாவட்டத்திலேயே அதிகம் காப்பி போட்டவர் யார் என்று கேட்டால் நூறு கடைக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். அதிகக் காப்பியைச் சாக்கடையில் ஊற்றியவர் யார் என்று கேட்டால் ஒரே ஒரு கைதான் எழும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

ஆதார் கார்டில் அவருக்கு அழகான ஒரு பெயர் உண்டாம். யாருக்கு வேண்டும்? தெருவுக்கு அவர் சாக்கடைக்காப்பி. எனக்கு மட்டும் சாக்கடைக்காப்பி அண்ணன். மூத்தவர்களை மதிக்கச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

விடிந்ததும் மாடியில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'உஸ்ஸ்ஸ்'. அடுத்த நிமிடம் மாடி சிங்க் குழாய் வழியாகக் கருப்பாக ஒரு திரவம் இறங்கி, தெருச் சாக்கடையில் கலக்கும். மறுபடி டர்ர்ர், மறுபடி உஸ்ஸ்ஸ், மறுபடி சாக்கடை. மூன்றாவது டர்ர்ர், உஸ்ஸ்ஸுக்கு அப்புறம்தான் அமைதி. தமிழ்நாட்டிலேயே மணக்கிற சாக்கடை எங்கள் தெருவில்தான் ஓடியது. மற்ற தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள், நாங்கள் மூக்கை நீட்டிக்கொண்டு போவோம்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "பாலும் ஊத்துறதில்ல, சீனியும் போடுறதில்ல. போட்டதையும் கொட்டிருறான். இதுக்கு எதுக்கு ஒருத்தன் காப்பி போடணும்?"

அப்பாவுக்குக் கேள்வி எதுவும் கிடையாது. அவரிடம் பதில்தான் இருந்தது: "தடயத்தை அழிக்கிறான்."

அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். போலி விதை, போலி மருந்து, போலி மூட்டை என்று பார்த்துப் பார்த்து, உலகத்தில் ஒரிஜினல் என்று எதுவுமே இல்லை என்ற முடிவுக்கு வந்தவர். இன்னும் மாட்டாத போலிதான் ஒரிஜினல் என்பது அவருடைய கொள்கை. அப்படிப்பட்டவர் வீட்டு மாடிக்கு, தோளில் ஒரு பெரிய பையோடு அண்ணன் குடிவந்தார். பைக்குள் கயிறு, கொக்கி, கையுறை, ஹெல்மெட்.

"என்ன வேல பாக்குறீக?" என்றார் அப்பா.

"கரண்டு எடுக்குற காத்தாடிக் கம்பெனில டெக்னீசியன் சார். மேல ஏறி மிஷினப் பாக்குற வேல."

"காத்தாடி அதுவாத்தான சுத்துது? அதுக்கு எதுக்கு ஆளு?"

அண்ணன் சிரித்தார். சிரித்தது தப்பு. பதில் தெரியாதவன்தான் சிரிப்பான் என்று அன்றைக்கே அப்பா முடிவு கட்டிவிட்டார்.

பிறகு கூரியரில் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. மூக்கருகில் வைத்து அமுக்கினால் புஸ்ஸென்று காற்று விடுகிற பொட்டலங்கள். கூடவே ஒரு குட்டி எடை மிஷின். பொட்டலம், பொடி, கிராம் கணக்கில் எடை போடும் மிஷின் மூன்றும் ஒரே அறையில் இருந்தால், கஞ்சாவுக்குப் பேர்போன எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவனும் காப்பி என்று நினைக்க மாட்டான்.

அதோடு விட்டதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதல் ஆள் பல்செட் கட்டுகிறவர். சின்ன டப்பாவில் ஊசி ஊசியாகக் கொண்டுவருவார். இரண்டாவது உத்தமபாளையத்திலிருந்து கேன் தண்ணி பாய். தோளில் ஒரு கேன், சட்டைப் பையில் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு கருவி. மூன்றாவது ஆள் வந்த வண்டியைப் பார்த்துத்தான் தெருவே எழுந்து நின்றது. இறந்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவர் அவர். வண்டியை எங்கள் வாசலை அடைத்தாற்போல நிறுத்திவிட்டு, விசில் அடித்துக்கொண்டே மாடி ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பக்கத்துக் கடைக்காரர் மாலையும் கையுமாக ஓடிவந்தார். அப்பா வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ்... நீ இருக்கியா?"

"பின்ன? எங்க போகச் சொல்ற?"

"இல்ல, பெட்டி வண்டி நிக்கிதுன்னாக. மாலை வேற வாங்கிட்டேன். இப்ப இத என்னய்யா செய்ய?"

"பிள்ளையாருக்குப் போடுய்யா!"

அவர் போனதும் அப்பா பற்பசை நுரையோடு என்னிடம் திரும்பினார். "பல்செட்டு, பொணப்பெட்டி, கேன் தண்ணி, காத்தாடி. இந்த நாலு பேருக்கும் பொதுவா ஒரு தொழில் இருக்குன்னா அது கள்ளத் தொழிலாத்தான் இருக்கும். ஏலே, நீ சும்மாதான கெடக்க? மேல போ. என்னத்தக் காச்சுறானுகன்னு பாத்துட்டு வா."

மதுரையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கம்பெனி கூப்பிடும் கூப்பிடும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் இதுதான். உளவுத்துறை.

மாடியில் நான் பார்த்தது ஒரு காப்பி மிஷின். மூணாறுப் பக்கம் ஏதோ ரிசார்ட்டில் பழுதாகிக் கிடந்ததை வாங்கிவந்து, ஸ்பேனர் பிடித்த கையாலேயே அதற்கு உயிர் கொடுத்திருந்தார் அண்ணன். அதைச் சுற்றி நான்கு பேரும் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறது போல நின்றார்கள். பல்செட்காரர் தன் ஊசிகளால் காப்பிப் பொடியைக் கட்டியில்லாமல் கிண்டினார். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற அதே பொறுமை. பாய் தண்ணீரில் கருவியை விட்டுப் பார்த்து, "உப்பு சரியா இருக்கு, ஊத்துங்க" என்றார். ஐஸ் பெட்டிக்காரர் தன் ஷெட் ஃப்ரீசரில் காப்பிக்கொட்டையை வைத்துக் கொண்டுவந்திருந்தார். சில்லென்று வைத்தால் வாசனை போகாதாம்.

நான் அவரைப் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, இது வேற ஃப்ரீசர். ஆள் வைக்கிறது வேற. அம்மா சத்தியமா வேற."

டர்ர்ர். உஸ்ஸ்ஸ். கட்டைவிரல் அளவுக் கப்பில் தேன் மாதிரி காப்பி இறங்கியது. அண்ணன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். முகம் கோணியது. கப்பைச் சிங்க்கில் கவிழ்த்தார்.

"அண்ணே! அது நல்லாத்தான இருந்துச்சு?"

"ராத்திரி சாரல் அடிச்சுச்சுல்ல, பொடி ஈரத்த வாங்கிருச்சு. தண்ணி நின்னு நின்னு எறங்குது. கசக்கும்."

"குடிக்கலாமேண்ணே."

"குடிக்கலாம் தம்பி. குடுக்க முடியாது."

தினமும் முதல் இரண்டு கப் இப்படித்தான். பொடியின் நைஸைக் கூட்டிக் குறைத்து, சரியாக வருகிறவரைக்கும் எல்லாம் சாக்கடைக்கு. நான் கீழே இறங்கி, "காப்பிதாம்ப்பா" என்றேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயை ஊதச் சொன்னார். பிறகு வருத்தமாக, "உன்னையும் சேத்துக்கிட்டானுகளா?" என்றார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பிக்கும்வரை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். ஜாதகம் பொருந்தும், போட்டோ பிடிக்கும், எல்லாம் சரியாக வரும். அப்புறம் பெண் வீட்டிலிருந்து யாராவது, சொல்லாமல் கொள்ளாமல், மாப்பிள்ளை குடியிருக்கும் தெருவுக்கு வந்து விசாரிப்பார்கள். வாடகைக்கு வீடு தேடுகிற மாதிரி வருவார்கள். வந்தவர் யார் என்று தெருவுக்கே தெரியும். தெரியாத மாதிரி தெரு பதில் சொல்லும். அந்தப் பதிலில்தான் கல்யாணம் நிலைக்கும், அல்லது நின்றுபோகும்.

அண்ணனுக்கு இரண்டு தடவை நின்றுபோயிருந்தது. முதல் தடவை டீக்கடையில், "காப்பியச் சாக்கடைல ஊத்துற ஆளு" என்றார்கள். வந்தவர் டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. இரண்டாவது தடவை எதிர்வீட்டு அக்கா ஐஸ் பெட்டி வண்டியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொன்னார். அதற்குமேல் தேவைப்படவில்லை.

மூன்றாவதாகக் கோம்பையில் ஒரு இடம். பெண் லேப் டெக்னீசியன். போனில் பேசியபோது, காப்பியைக் கொட்டுகிற கதையை அண்ணனே முந்திக்கொண்டு சொல்லிவிட, அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வியே, "கொட்டிட்டு மறுபடி போடும்போது எதை மாத்துவீங்க?" என்பதுதானாம். அண்ணன் இதை என்னிடம் சொன்னபோது அவர் காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"தம்பி, இதுவரைக்கும் எல்லாரும் ஏன் கொட்டுறன்னுதான் கேட்டிருக்காக. என்னத்த மாத்துவன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இது தட்டிப்போச்சுன்னா நான் இனிமே யாரையும் பாக்கல. அவுக தாய்மாமன் விசாரிக்க வருவாகளாம். அவுக சரின்னா சரி, இல்லைன்னா இல்ல."

தாய்மாமன் வந்தார். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. வாசலில் நின்று, "இங்கன வீடு வாடகைக்குக் கெடைக்குமா?" என்று அவர் கேட்ட தோரணையிலேயே அவருக்குச் சொந்த வீடு நாலு இருக்கும் என்று தெரிந்தது. தெருவே புரிந்துகொண்டது.

புரியாத ஒரே ஜீவன் அண்ணன்தான். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வீடு காலியில்லங்கய்யா. வெயில்ல நிக்கிறீக, மேல வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். நான் கீழே நின்று கண்ணால் ஜாடை காட்டினேன், கையால் காட்டினேன். "உனக்கும் உண்டு தம்பி, வா" என்றார்.

மாமா உட்கார்ந்தார். டர்ர்ர். உஸ்ஸ்ஸ். கப்பைக் கையில் எடுத்தார் அண்ணன். மாமா கையை நீட்டினார். அண்ணன் ஒரு சொட்டு ருசித்துவிட்டு அதைச் சிங்க்கில் ஊற்றினார். மாமாவின் கை அப்படியே நின்றது. இரண்டாவது கப். மறுபடி கை நீண்டது. மறுபடி சிங்க். மூன்றாவது கப்பும் போனது. ஒரு விருந்தாளியின் கண் முன்னால் அவருக்கான காப்பியை மூன்று தடவை கொட்டிய ஒரே மனிதர் அண்ணனாகத்தான் இருக்கும்.

மாமா கௌரவமாகப் பேச்சை மாற்றினார். "தம்பிமாரெல்லாம் என்ன செய்றீக?"

"ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுறேன்ங்க."

மாமா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பல்செட்காரர் அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, மேல் செட்டு லூசா இருக்கு போலயே. யார்ட்ட கட்டுனீக?"

மாமா வாயையும் மூடிக்கொண்டார். கடைசியில் நான்காவது கப் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இம்புட்டு நேரம் வச்சு... இம்புட்டுத்தானா?" ஒரே மடக்கு. முகம் வேப்பெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி ஆனது. கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

இறங்கினவர் நேராக அப்பாவிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருவில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் பரவாயில்லை.

"அண்ணே, உங்க மாடில இருக்க தம்பி எப்படி?"

"நல்லவன்னு நான் சொல்ல மாட்டேன்," என்று ஆரம்பித்தார் அப்பா. "வந்த நாள்லருந்து எனக்கு அவன் மேல சந்தேகம்."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க. அதுக்குத்தான வந்தோம்."

"தண்ணி போடுவானோன்னு சந்தேகம். கொடில காயிற சட்டையெல்லாம் மோந்து பாத்தேன். சோப்பு வாசம், காப்பி வாசம், அம்புட்டுத்தான்."

"ம்."

"சிகரெட்டு இருக்குமோன்னு குப்பைக் கூடையக் கவுத்துப் பாத்தேன். காப்பிச் சக்கதான் கெடக்கு, வட்ட வட்டமா, வறட்டி தட்டுன மாதிரி."

"பொம்பளச் சகவாசம்?"

"மாடிப்படிக்குக் கீழதான் என் கட்டிலு. பூன ஏறுனாக்கூட எனக்குத் தெரியும். இந்த மூணு கழுதைகளத் தவிர ஏறுனது பூனதான்." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "காத்தாடில வேலங்கறதே பொய்யின்னு நெனச்சேன். ஒருநா வண்டிய எடுத்துக்கிட்டுக் கண்டமனூர்ப் பக்கம் அவன் பின்னாலயே போனேன். ஆத்தாடி, அம்புட்டு உசரம்! எறும்பு கணக்கா ஏறுறான். அவன் எறங்குற வரைக்கும் வெயில்ல நின்னேன்."

இந்தக் கதை எனக்கே தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஏறுறதப் பாத்தாச்சுல்ல? அப்புறம் ஏன் நின்னீக?" என்றார் மாமா.

அப்பா தெருவைப் பார்த்தார். "விழுந்து கிழுந்துட்டான்னா? யாரு பாக்குறது?"

மாமா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எங்க கோம்பை நாய்க்குப் பேரு போன ஊருண்ணே. எங்க நாய்க்குக்கூட இம்புட்டு மோப்பம் கெடையாது. இவ்வளவு சந்தேகப்பட்டும் ஒண்ணும் சிக்கலைன்னா, எனக்கு வேற என்ன வேணும்? கடைசியாச் சொல்லுங்க, என்னதான் குத்தம் அந்தத் தம்பிட்ட?"

"காப்பியக் கொட்டுறான்."

"அத நானும் பாத்தேன்."

"அது ஒண்ணுதான். மத்தபடி எனக்கு ஒரு மக இருந்தா, நானே சந்தேகப்பட்டுக்கிட்டே குடுத்துருப்பேன்."

மாமா அங்கேயே போனை எடுத்தார். "ஆத்தா, பேசி முடிச்சிரலாம்மா" என்று அவர் சொன்னது எதிர்வீடு வரை கேட்டது. மாடியில் ஐஸ் பெட்டிக்காரர் போட்ட விசில் பக்கத்துத் தெரு வரை கேட்டது. அண்ணனுக்கு அப்போதுதான் வந்தவர் யார் என்று புரிந்து, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அப்பா வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஏலே, கல்யாணம் ஆச்சுன்னா வேற வீடு பாப்பானோ?"

"பாக்கத்தான் செய்வாரு. ஒத்த ரூம்ல எப்படிக் குடும்பம் நடத்துறது? உங்களுக்கும் நிம்மதிதானப்பா."

அப்பா இன்னொரு தடவை வாசல் வரை போய்விட்டு வந்தார்.

"மேல இன்னொரு ரூம் கட்டித் தாரேன்னு போய்ச் சொல்லுலே. இங்கனயே இருக்கச் சொல்லு. இனிமே புதுசா ஒருத்தன மொதல்லருந்து சந்தேகப்பட எனக்கு வயசு இல்ல."